பலாக்கட்டை ஒட்டுப் போட்ட கிடார்

பொற்கொடிக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவளிடம் ஆறு கிடார்கள் இருந்தன. ஆறும் பழைய எலக்ட்ரிக் கிடார்கள். ஆறும் எங்கேயாவது உடைந்து, யாராலோ ஒட்டப்பட்டவை. நெய்வேலி டவுன்ஷிப்பில் அவள் இருக்கும் குவார்ட்டர்ஸின் இரண்டாவது அறையில், அம்மா படுத்திருந்த கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில், சுவரோரமாக அவை நின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் ட்யூஷன் எடுக்கப்போகிறாள் என்று கொஞ்ச நாள் நினைத்தார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அப்பா வேலுமணி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். தொண்ணூற்று நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடி வெட்டிக்கொண்டு வந்து குளிக்கப் போனவர் குளியலறையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். பொற்கொடிக்கு அப்போது இருபது வயது. தம்பி ராஜ்மோகன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைக்கும் என்றார்கள். அம்மா பேச்சியம்மாளுக்குப் படிப்பு இல்லை. தம்பிக்கு வயது போதாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் படிவத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பொற்கொடி கையெழுத்துப் போட்டாள். யோசிக்கவோ அழவோ அந்த வாரத்தில் நேரம் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

மோட்டார் வைண்டிங் பிரிவில் போட்டார்கள். சுரங்கத்திலிருந்து கருகி வரும் மோட்டார்களைப் பிரித்து, பழைய செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி அனுப்பும் இடம் அது. முதலில் ஹெல்பர், பிறகு டெக்னீஷியன். சம்பளத்தில் தம்பி இன்ஜினீயரிங் படித்தான், பெங்களூருக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கும் வரன்கள் வந்தன. தம்பி படிப்பு முடியட்டும் என்று ஒன்றைத் தள்ளினார்கள். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்று இன்னொன்றை. அப்புறம் வரன் வருவது நின்றுபோனது. எந்த வருடத்தோடு நின்றது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

அம்மா இறந்தபோது ராஜ்மோகன் குழந்தை மாதிரி அழுதான். பொற்கொடி வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ்காரர் கேட்டைச் சாத்தாமல் போனதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சாத்தினாள். "கல்லு மாதிரி நிக்குது பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது உண்மைதான் என்று அவளுக்கும் பட்டது. மறுமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்கு எதுவுமே தோண மாட்டேங்குது டாக்டர்" என்றாள். தைராய்டு பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தாள்.

கிடார் அதற்கு முன்பே வந்திருந்தது. செக்ஷன் இன்ஜினீயர் ஒருவர் ஒருநாள் தன் மகனுடைய கிடாரிலிருந்து கழற்றிய சிறு பாகம் ஒன்றைக் கொண்டுவந்து, "பொற்கொடி, இதைச் சுத்த முடியுமா பாரு" என்றார். பிக்கப் என்றார்கள் அதை. காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. கிடாரில் மீட்டும் கம்பிகளுக்கு அடியில் இருந்துகொண்டு அவற்றின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதன் வேலை. ஆள் உயர மோட்டார்களுக்குச் சுற்றிய கைக்கு அது புதிதாக இருந்தது. மூன்று முறை அறுந்து, நான்காவது முறை சரியாக வந்தது.

அடுத்த வருடம் பிளாக் பதினேழில் ரிட்டயரான ஒருவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் பழைய இரும்புக்காரருக்காகப் போட்டுவைத்த சாமான்களுக்கு நடுவே ஒரு கிடார் கிடந்தது. பிக்கப்பைப் பார்க்கத்தான் அதை எடுத்தாள். திருப்பியபோது முதுகில் நீளமாக ஒரு விரிசல். விரிசல் முழுக்கப் பசை ஊட்டி, காயும்வரை இறுக்கிப் பிடித்து, மேலே தேய்த்து, நிறம் பார்த்துப் பார்த்துப் பூசியிருந்தார்கள். செய்தவர் யாரென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பொற்கொடி அதை வாங்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தாள்.

அதிலிருந்து ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று. மொபைலில் பழைய சாமான் விளம்பரங்களைப் பார்ப்பாள். நல்ல நிலையில் இருப்பதைத் தள்ளிவிடுவாள். ஒட்டுப் போட்டதைக் கண்டால் மட்டும் புதுச்சேரி, விழுப்புரம் என்று பஸ் ஏறிப் போவாள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒட்டின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை ஓட்டுவாள். நகம் தட்டினால் அவசரக்காரர் ஒட்டியது. தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் பொறுமைக்காரர். விற்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"பையனுக்கா மேடம்?"

"ஆமா."

அதற்குமேல் விளக்கம் சொல்லவேண்டியிருக்காது. உடைந்ததைத் தூக்கிப் போடாமல் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார், ஒட்டினால் பிரயோஜனம் உண்டு என்று நம்பியிருக்கிறார். அவளுக்குப் பார்க்கவேண்டியிருந்தது அந்த இடம்தான். பார்த்தால் சந்தோஷம் வந்ததா என்றால் இல்லை. பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

போன வருடம் மாசி மாதத்தில் இப்படி ஒரு விளம்பரம் வந்தது. 'அப்பாவுடைய பழைய எலக்ட்ரிக் கிடார். ஜப்பான். கழுத்து உடைந்து ஒட்டியது. நெல்லிக்குப்பம்.' குறையை மறைக்காமல் முதல் வரியிலேயே போட்ட விளம்பரத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. போன் செய்தாள். எழில்மதி என்ற பெண் பேசினாள். தான் திருப்பூரில் இருப்பதாகவும், வீட்டில் அம்மாவும் அப்பாவும் இருப்பார்கள், நேரில் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி போய் பஸ் மாறி நெல்லிக்குப்பத்தில் இறங்கினாள். வீட்டுக்காரர் பெயர் கலியன். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர், அறுபத்தாறு வயது. இளவயதில் ஆலை வேலை போக மீதி நேரத்தில் கல்யாணக் கச்சேரிகளில் கிடார் வாசித்தவர். சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்த நோட்டீஸில் 'கிடார்: காலின்' என்று அச்சாகியிருந்தது. கலியன் என்றால் எடுபடாது என்று இசைக்குழுக்காரர் மாற்றிவிட்டாராம். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் கிடார் இருந்தது.

"கழுத்து ஒடஞ்சி ஒட்டுனது. மொதல்லியே சொல்லிடுறன். அப்பறம் வந்து ஏமாத்திட்டன்னு சொல்லக் கூடாது" என்றார் கலியன்.

"விளம்பரத்துலயே போட்டிருந்தாங்கண்ணே. அதுக்குத்தான் வந்தேன்."

"ஒடஞ்சதுக்கா?"

"ஒட்டுனதுக்கு."

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

கிடாரின் உடம்பு பழுத்த மிளகாய்ச் சிவப்பு. நாள்பட்டதில் வார்னிஷ் முழுக்கப் பொடிப்பொடியாக விரிந்திருந்தது. கம்பெனிப் பெயர்த் தகடு போய், அது இருந்த இடத்தில் மூன்று ஆணித் துளைகள் மட்டும். தலைப்பாகம் கழுத்தோடு சேரும் இடத்தில், சிவப்புக்கு நடுவே மஞ்சளாக ஒரு கீற்று மரம். பொற்கொடி நகத்தை ஓட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது.

"பலா" என்றார் கலியன். "எண்பத்தொண்ணுல கடலூர் ஓ.டி. தொறமொகத்துல ஒரு கப்பல்காரர்கிட்ட வாங்குனன் இத. பத்து வருசம் நல்லா ஓடிச்சி. ஒரு கச்சேரிக்கு வேன்ல போயிகினு இருக்கம், டிரம்காரன் டிரம்ம கட்டாம வுட்டுட்டான். பிரேக் போட்டதும் அது உருண்டு வந்து இதும்மேல ஏறிடிச்சி. தல தனியா தொங்குது. ஆலையில ஒரு ஆசாரி இருந்தாரு. அவருதான், ஒடஞ்ச எடத்த அப்படியே ஒட்டுனா நிக்காதுன்னுட்டு, பண்ருட்டி பலாவுல ஒரு துண்டு சீவி நடுவுல சொருவி, வச்சிரப் பசை காச்சி ஊத்தி, சைக்கிள் ட்யூப கிழிச்சி இறுக்கிச் சுத்தி வச்சாரு. பத்து நாளு தொடக்கூடாதுன்னுட்டாரு. பாஞ்சி நாளு தொடல நான்."

காபி கொண்டுவந்த அவர் மனைவி செங்கமலம், "நீங்க வாசிப்பீங்களாம்மா?" என்று கேட்டாள்.

வழக்கமான பொய்யைச் சொல்லப் பொற்கொடிக்கு வாய் வரவில்லை. "இல்லக்கா. பாக்கறதுக்குத்தான்."

"பாக்கறதுக்கா? இவரு ரெண்டு வருசமா அதத்தான் பண்ணிகினு இருக்காரு. அதையே பாத்துகினு இருக்கறது, அப்பறம் சோத்துத் தட்டத் தள்ளி வுட்டுடறது. வூட்ட வுட்டுப் போவட்டும்னுதான் எம்பொண்ணு போன்ல போட்டா."

கலியன் நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போறதுக்கு முன்ன ஒருக்கா அது சத்தத்தக் கேக்கணும்" என்றார்.

பொற்கொடி எங்கே போனாலும் பையில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பாள். பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. அதைச் சொருகி, கிடாரை அவர் மடியில் வைத்தாள். அவர் வலது கையால் ஒவ்வொரு கம்பியாகத் தட்ட, அவள் முறுக்காணியைத் திருப்பினாள். "ஏத்து. இன்னங் கொஞ்சம் ஏத்து. போதும்." ஆறு கம்பியும் சுருதி சேர்ந்ததும் அவர் கை நின்றுவிட்டது. அழுத்த இடது கை வேண்டும். அது தொடைமேல் கிடந்தது.

"இப்படி என் பக்கத்துல உக்காரு" என்றார். "நடு வெரல அஞ்சாவது கம்பியில வையி. ரெண்டாவது கட்டம். மோதர வெரல அதுக்குக் கீழக் கம்பியில. அமுக்கு. நல்லா அமுக்கும்மா, ஒடையாது."

அவள் அமுக்கினாள். அவர் மேலிருந்து கீழாக ஒருமுறை இழுத்தார்.

அறை நிறைய ஒலித்தது. மரத்தின் வழியாக அதிர்வு வந்து அவள் விரலில் நின்றது. சுற்றி முடித்த மோட்டாரை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும்போது அதன்மேல் கை வைத்தால் தெரியுமே, அதே மாதிரி. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. சத்தம் முழுக்க அடங்கும்வரை கலியன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்துகினு போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு அவள் கிளம்பினாள். பஸ்ஸில் விரல் நுனியில் கம்பியின் தடம் இரண்டு கோடாகத் தெரிந்தது. பண்ருட்டி வருவதற்குள் மறைந்துவிட்டது.

வீட்டில் வைத்துத் திறந்து பார்த்ததில், கிடாரின் இரண்டு பிக்கப்பில் ஒன்று செத்திருந்தது. ஒரு சாயங்காலத்தில் சுற்றிவிடலாம். கம்பியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அப்புறம் அந்தப் பழுது எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ளத் தோன்றி, நெல்லிக்குப்பத்துக்குப் போன் செய்தாள்.

"அது எண்பத்தெட்டுலயே செத்துப்போச்சி" என்றார் கலியன். "எனுக்கு இன்னொண்ணுதான் புடிக்கும். நீ கை வைக்காத."

சரி என்று வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து செங்கமலம் கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீ போன் பண்ணன்னிக்கி ராத்திரி அவரு மூணு இட்லி சாப்ட்டாரு. அதுக்கப்பறம் ஒண்ணுங் கெடையாது. கிடார் போனா சரியாயிடும்னு நெனச்சன். இப்ப நாற்காலியப் பாத்துகினு இருக்காரு. இன்னொரு தபா போன் பண்ணுவியா?"

போனில் என்ன பேசுவது என்று பொற்கொடிக்குத் தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை கிடாரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராகவே போனாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு அவள் போவாள். கட்டிலில் அவருக்கு இடப்பக்கம் உட்காருவாள். அழுத்துவது அவள், தட்டுவது அவர். இந்த இரண்டு விரல் பிடியோடு இன்னும் மூன்று பிடி சொல்லிக் கொடுத்தார். சித்திரை முடிவதற்குள், மெதுவாகத் தட்டினால், நாலையும் மாற்றி மாற்றிப் பிடிக்க அவளுக்குக் கை வந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது. பாட்டுக்குப் பின்னால் போகுமே, அந்த ஓட்டம் மட்டும். செங்கமலம் அந்த நாட்களில் அவளுக்கும் சேர்த்துச் சமைத்தாள். கலியன் தட்டைத் தள்ளுவதில்லை. பொற்கொடி சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மனசுக்குள் இதனால் எதுவும் மாறியதாக அவளுக்குத் தெரியவில்லை. போகவேண்டிய நாள் வந்தால் போனாள்.

ஆனி மாதத்தில் சென்னையிலிருந்து பிரவின்குமார் என்று ஒருவர் வந்தார். பழைய கிடார்கள் சேகரிப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் வைத்திருந்த வேறொரு கிடாரை, அதை விற்றவர் சொல்லிக் கேள்விப்பட்டு, பார்க்கத்தான் வந்தார். சிவப்புக் கிடாரைக் கண்டதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், இது எங்க கிடைச்சுது? அறுபத்திமூணு, நாலுல செஞ்சது. இந்த மாடல்ல இந்தியாவுல நான் இன்னொண்ணு பாத்தது கிடையாது."

கால் மணி நேரம் வாசித்தார். விரல்கள் அப்படி ஓடின. இந்தப் பெட்டியிலிருந்து இவ்வளவு வருமா என்று அவள் கவனித்துக் கேட்டாள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. அவ்வளவோடு நின்றது.

பிரவின்குமார் கழுத்தைத் திருப்பி மஞ்சள் கீற்றைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இந்த ஒட்டு மட்டும் இல்லேன்னா! பரவால்ல, எங்கிட்ட இதே காலத்து நெக் ஒண்ணு இருக்கு. இதைக் கழட்டிட்டு அதை மாட்டிட்டா பழையபடி ஆயிடும். குடுக்கறீங்களா?"

"ஒட்டு இல்லேன்னா நான் வாங்கியிருக்க மாட்டேன் சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கிளம்பும்போது நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். அவள் கிடாரைத் துடைத்து இடத்தில் வைத்தாள்.

ஆடியில் ஒரு ஞாயிறு அவளுக்கு உடம்பு சரியில்லை. மூன்று நாளாக ஓவர்டைம். பிடி மாற்றுவதில் கை பின்தங்கியது. கலியன் இரண்டு முறை பொறுத்தார். மூன்றாவது முறை தட்டுவதை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"தூங்கறியா? எங்க இருக்கு உம் புத்தி? அஞ்சு மாசமா சொல்லிக் குடுத்துகினு இருக்கன், மாட்டுக்குச் சொல்லியிருந்தாகூட இந்நேரம் புடிச்சிருக்கும்!"

செங்கமலம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பொற்கொடியை யாரும் திட்டி வெகுகாலம் ஆயிற்று. செக்ஷனில் எல்லாருக்கும் அவள் மேடம். தம்பி அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவான். அப்பா போன பிறகு அவளிடம் கோபப்படும் உரிமையை யாரும் எடுத்துக்கொண்டதே இல்லை.

"நான் என்ன உங்க குழுவுல சம்பளத்துக்கா இருக்கேன்?" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வேலைக்கும் போயிட்டு, ரெண்டு பஸ் மாறி, இதையும் தூக்கிட்டு வந்தா மாடுங்கறீங்க. நீங்களே பிடிச்சுக்குங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கலியனின் இடது கை தொடைமேல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, அவர் சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"கோவம் வருது பாரு" என்றார் மனைவியிடம். "நான்கூட இது மெஷினுன்னு நெனச்சிகினு இருந்தன்."

அவள் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாடு என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்து, அதற்கு என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். பண்ருட்டி தாண்டி, டவுன்ஷிப் ஆர்ச் வந்த பிறகும் கோபம் தீரவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது நினைத்துப் பார்த்தாள். இப்படிக் கோபப்பட்டு எத்தனை வருடம் இருக்கும்? கணக்கு கிடைக்கவில்லை.

மறுமாதம் போனாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவர் ஏதாவது சொல்லித் திட்டினார், அவள் ஏதாவது பதில் சொன்னாள். செங்கமலம் ஓடிவருவதை நிறுத்திவிட்டாள்.

ஐப்பசி மழையில் கலியனுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். வலது கை தப்பியது. பேச்சு போய்விட்டது. எழில்மதி திருப்பூரிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போனாள். பொற்கொடி ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தாள். கட்டிலருகே நின்றாள். பழையபடி எதுவும் தோன்றவில்லை. கார்த்திகையில் அவர்கள் வீடு திரும்பியதும், கிடாரை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் மடியில் வைத்ததும் வலது கை தானாகக் கம்பிக்குப் போனது. தட்டினார். பழைய ஓட்டம், பழைய வேகம். அவள் பிடித்தாள், மாற்றினாள். ஒரு தப்பும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அது ஜன்னல் பக்கம் இருந்தது. மூன்றாவது சுற்றில் அவள் வேண்டுமென்றே தப்பான பிடி பிடித்தாள். காதில் நாராசமாக விழுந்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை தப்பாகப் பிடித்தாள். கை நிற்கவில்லை. பிறகு அவள் சரியாகவே பிடித்துக்கொண்டு வந்தாள், அவர் களைத்துக் கையை எடுக்கும்வரை.

சாயங்காலம் செங்கமலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். மழை விட்டிருந்தது.

"இனிமே அவரு ஒண்ணுஞ் சொல்லப் போறதில்ல. நீ வந்தது தெரியுதா தெரியலியான்னுகூட எனுக்கு வெளங்கல" என்றாள். "கேக்கறன்னு தப்பா நெனச்சிக்காத. உனுக்கு என்னாம்மா கெடைக்குது இதுல?"

பொற்கொடி யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"சாப்பிடறாராக்கா?"

"கஞ்சிதான். ஊட்டுனா முழுங்கறாரு."

கடலூரிலிருந்து பஸ் வந்து நின்றது. கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டு பொற்கொடி படியில் ஏறினாள். உள்ளே கூட்டமாக இருந்தது.

"அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு எனக்கு டியூட்டி போட்டிருக்காங்க" என்று படியிலிருந்தே சொன்னாள். "மூணாவது ஞாயிறு வர்றேன்."